தொட்டுக் கற்ற கல்வி: மருத்துவர் மரியா மாண்டிசோரி

தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரைக் கேட்டதும் சிரிக்காத மலேசியர் குறைவு. பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகே, கிந்தா பள்ளத்தாக்கில் உள்ள சிற்றூர் அது. 1911ஆம் ஆண்டு, ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், அங்கே மனநல மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. பஹாகியா என்னும் மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்பது பொருள். எனினும், நாட்டின் எந்த மூலையிலும் ஒருவரைப் பைத்தியம் என்று கேலி பேச எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும் என்றாகிவிட்டது.

அவ்வூரில் பிறந்து வளர்ந்த எனக்கு, மனநல விடுதியின் வாசலில் தொடங்கிய ஒரு பெண்மணியின் பணியைப் பற்றிப் படித்தபோது ஏற்பட்ட வியப்பு கொஞ்சநஞ்சமல்ல. குழந்தைகள் தொட்டும் தடவியும் தூக்கியும் அடுக்கியும் கற்க வேண்டும். சொரசொரப்பு, வழவழப்பு, எடை, கன அளவு, உருண்டை, கூம்பு ஆகியவற்றைத் தாளில் பார்ப்பதற்கு முன் கையால் அறிய வேண்டும் என்று உலகுக்குக் காட்டிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார்தான் அவர். இன்று மாண்டிசோரி என்றால் நகர்ப்புறத்து வசதி படைத்த பிள்ளைகளின் பாலர் பள்ளி என்ற எண்ணமே நம்மில் பலருக்கு உண்டு. அப்பெயருக்கு உரியவர் முதலில் யாருக்காக உழைத்தார் என்பதை நம் மாணவ நண்பர்கள் அறிய வேண்டும் என்ற ஆவலில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பிறப்பும் கல்வியும்

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அலெஸாந்த்ரோ அரசாங்க அலுவலர். தாய் ரெனில்டே நூல்களைத் தேடிப் படிப்பவர். 1875இல் குடும்பம் தலைநகர் ரோமுக்குக் குடிபெயர்ந்தது. படித்த பெண்ணுக்கு ஆசிரியத் தொழிலை விட்டால் வேறு வழியில்லை என்றிருந்த காலம் அது. மரியாவோ பொறியியல் படிக்க விரும்பி, 13ஆம் வயதில் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் அவரது நாட்டம் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. தந்தை ஒப்பவில்லை. தாய் துணை நின்றார்.

ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த காலம் எளிதானதாக இல்லை. ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் பிண அறுவை செய்வது முறையன்று என்று கருதப்பட்டதால், மற்றவர்கள் சென்ற பின்னர், மாலை வேளையில், தனியே பிணங்களுக்கு நடுவே நின்று பயின்றார். 1896இல் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் அவரே என்று பல நூல்களில் காண்கிறோம். அது சரியன்று, அவருக்கு முன்னரும் சில பெண்கள் பட்டம் பெற்றிருந்தனர். எனினும் முன்னோடிகளில் ஒருவர் என்பதில் ஐயமில்லை. அதே ஆண்டு பெர்லின் நகரில் நடந்த அனைத்துலக மகளிர் மாநாட்டில் கலந்துகொண்டு, உழைக்கும் பெண்களுக்குச் சம ஊதியம் வேண்டும் என்று பேசினார்.

வெறும் அறையில் கிடந்த குழந்தைகள்

பட்டம் பெற்ற பின் பல்கலைக்கழக மனநலப் பிரிவில் பணியாற்றினார். அப்பணியின் பொருட்டு ரோம் நகர மனநல விடுதிகளுக்குச் சென்று வர வேண்டியிருந்தது. அக்காலத்தில் அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட சிறு பிள்ளைகளையும் பெரியவர்களோடு சேர்த்து அங்கேயே அடைத்து வைத்திருந்தனர்.

அம்மையாரின் வரலாற்றை எழுதியோர் தவறாமல் குறிப்பிடும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு விடுதியில், உணவு முடிந்ததும் பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்களாம். அவர்களைப் பார்த்துக்கொண்ட பெண்மணி அதனை அருவருப்போடு காட்டினாராம். அம்மையார் சுற்றிலும் பார்த்தார். அந்த அறையில் பிள்ளைகள் கையில் எடுப்பதற்கு ஒரு பொருளும் இல்லை. அவர்கள் பசியால் பொறுக்கவில்லை. விரல்களுக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று பொறுக்கினார்கள் என்பதை அவர் உணர்ந்தார். அறிவு வளர்வதற்குக் கை வழியாகவும் ஒரு பாதை உண்டு, அந்தப் பாதையை அடைத்துவிட்டுத்தான் இவர்களுக்கு அறிவில்லை என்கிறோம் என்ற எண்ணம் அங்கேதான் முளைவிட்டது.

இதே வழியில் முன்னர் உழைத்தவர் யாரேனும் உண்டா என்று தேடினார். இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் கிடைத்தனர். ஒருவர் ஈத்தார். காட்டில் தனித்து வளர்ந்த ஒரு சிறுவனுக்கு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புலன்களின் வழியே கற்பிக்க முயன்றவர். மற்றவர் அவரது மாணவர் செகென். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென்றே பயிற்சிக் கருவிகள் செய்தவர். இவ்விருவரின் நூல்களையும் அம்மையார் இத்தாலிய மொழியில் பெயர்த்து, முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை தம் கையாலேயே எழுதினார். சொற்களின் எடையை உணர்வதற்காகவே அப்படிச் செய்ததாகப் பின்னாளில் விளக்கினார். நகல் எடுக்கும் இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்கும் நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

1900ஆம் ஆண்டு இத்தகைய பிள்ளைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றும் நிலையம் ஒன்று ரோமில் தொடங்கப்பட்டது. அம்மையார் அதன் இணை இயக்குநரானார். பகல் முழுதும் பிள்ளைகளோடு இருந்தார். இரவில் குறிப்புகள் எழுதினார். அவரிடம் பயின்ற சில பிள்ளைகள் பொதுப் பள்ளித் தேர்வு எழுதி, மற்ற மாணவர்களுக்கு இணையாகத் தேறினர். ஊரே வியந்தது. ஆனால் அம்மையாரின் வியப்பு வேறு. இவர்களே இவ்வளவு கற்க முடியுமென்றால், குறை ஏதுமில்லாத பிள்ளைகள் இவர்களோடு சமமாக நிற்கும் அளவுக்குப் பள்ளியில் பின்தங்கிக் கிடப்பது எதனால் என்று கேட்டார். அவருடைய பிற்கால உழைப்பெல்லாம் இந்தக் கேள்விக்கான விடைதான்.

இதே காலத்தில் அவருடைய சொந்த வாழ்வில் ஒரு பெரும் துயரமும் இருந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் மாண்டிசானோவுக்கும் அவருக்கும் 1898இல் மாரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. மணமாகாத தாய் என்று வெளியில் தெரிந்தால் தொழிலும் மதிப்பும் போய்விடும் என்ற நிலை. குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். உலகத்துக் குழந்தைகளைப் பற்றிப் பேசிய தாய், தன் குழந்தையைப் பதின்பருவம் வரை உடன் வைத்துக்கொள்ள முடியவில்லை. பின்னாளில் அந்த மகனே தாயின் வலக்கரமாக, இறுதி மூச்சுவரை உடனிருந்தார்.

சான் லொரென்சோவின் குழந்தைகள் இல்லம்

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், ரோமின் சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அங்கே வாழ்ந்தவர்கள் அன்றாடங்காய்ச்சிகள். பெற்றோர் விடியலில் வேலைக்குப் போய்விட, பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் கவனிப்பாரின்றிச் சுவர்களைக் கிறுக்கியும் படிகளைச் சேதப்படுத்தியும் திரிந்தனர். கட்டடங்களைச் செப்பனிட்ட நிறுவனம், பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துக்கொள்ள யாரேனும் கிடைப்பார்களா என்று தேடியது. அந்த அறைதான் அம்மையாரின் ஆய்வுக்கூடமாயிற்று. 50க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்தனர்.

இதைப் படிக்கையில் என் பாட்டி சொல்லும் ஆயாக் கொட்டகைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. தோட்டப்புறங்களில் தாயும் தந்தையும் இருட்டோடு மரம் சீவப் புறப்பட்டதும், கைக்குழந்தைகள் முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் வரை ஓர் ஆயாவின் பொறுப்பில் விடப்பட்டார்கள். தூளி கட்டிய கொட்டகை, ஒரு குவளை பால். அங்கே பிள்ளைகள் பாதுகாப்பாக இருந்தால் போதும் என்றே நிர்வாகம் நினைத்தது. சான் லொரென்சோவிலும் அவ்வளவுதான் எதிர்பார்த்தார்கள். கிடைத்த அந்தச் சிறிய இடத்தில் அம்மையார் செய்து காட்டியதுதான் வேறு.

கையே கருவி

மனநல விடுதிப் பிள்ளைகளுக்காகச் செய்த கருவிகளைத் திருத்தி, புதியனவும் சேர்த்து, அறையில் வைத்தார். அவற்றில் சிலவற்றை விளக்கமாகக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, தொடு பலகை. மரப்பலகையின் ஒரு பாதி வழவழப்பாக இருக்கும். மறுபாதியில், தச்சர்கள் மரத்தைத் தேய்க்கப் பயன்படுத்தும் உப்புத்தாள் ஒட்டப்பட்டிருக்கும். பிள்ளை முதலில் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் துடைக்க வேண்டும். அப்போதுதான் விரல் நுனியின் உணர்வு கூர்மையாகும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அழுத்தாமல், மெல்லத் தடவ வேண்டும். இது பழகியதும், கரடுமுரடான தாள் முதல் நுண்மையான தாள் வரை வரிசைப்படுத்த வேண்டும். அடுத்து துணிப்பெட்டி. பட்டு, வெல்வெட், கம்பளி, பருத்தி என்று ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டுகள். கண்ணைக் கட்டிக்கொண்டு இணை சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, இளஞ்சிவப்புக் கோபுரம். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம் முதல் 10 செ.மீ. பக்கமுள்ளது வரை பத்துக் கட்டைகள். எல்லாம் ஒரே நிறம், ஒரே மரம். பருமன் மட்டுமே மாறும். எதைக் கவனிக்க வேண்டுமோ அது ஒன்று மட்டும் மாற வேண்டும், மற்றவை மாறக் கூடாது என்பது அறிவியல் ஆய்வின் விதி. அந்த விதியை மூன்று வயதுப் பிள்ளையின் விளையாட்டுக்குள் வைத்தார் அந்த மருத்துவர். கடைசிக் கட்டையின் பக்கம் முதல் கட்டையைப் போலப் பத்து மடங்கு. ஆனால் கன அளவோ ஆயிரம் மடங்கு. பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் முதல் கட்டையை இரண்டு விரலால் எடுத்த கை, கடைசிக் கட்டையை இரு கைகளாலும் தூக்க வேண்டியிருப்பதைத் தோள் வரை உணர்ந்துவிடும். இடைநிலைப்பள்ளியில் கன அளவின் வாய்பாட்டை மனப்பாடம் செய்த நம்மில் எத்தனை பேருக்கு அந்த உணர்வு கிடைத்தது?

மூன்றாவது, குமிழ் வைத்த உருளைகள். ஒரு நீண்ட கட்டையில் பத்துக் குழிகள், பத்து உருளைகள். ஒவ்வோர் உருளையும் தனக்குரிய குழியில்தான் சரியாக அமரும். தவறாக வைத்தால் கடைசியில் ஒன்று மிஞ்சும். ஆசிரியர் தவறு என்று சொல்லத் தேவையில்லை, பொருளே சொல்லிவிடும். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றால் குமிழைப் பிடிக்கிறது குழந்தை. அது எழுதுகோல் பிடிக்கும் பிடி. நம் தாய்மார்கள் வாசலில் கோலமாவை இழைவிடும் பிடியும் ஏறக்குறைய அதுவே.

இவற்றோடு உருண்டை, கூம்பு, உருளை, பட்டகம், முட்டை வடிவம் ஆகிய கனவடிவங்களும் உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு கையால் தடவி அடையாளம் காண வேண்டும். நாணயங்களையும், அரிசி, கோதுமை, தினை போன்ற தானியங்களையும்கூட விரலாலேயே பிரிக்கச் செய்தார். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு, 8 துண்டுகளும் 27 துண்டுகளும் கொண்ட வண்ணக் கனசதுரப் பெட்டிகள். பிள்ளைக்கு அது அடுக்கும் விளையாட்டு. உண்மையில் அது, இரண்டு அல்லது மூன்று எண்களின் கூட்டுத்தொகையை மும்மடியாக்கும் இயற்கணித வாய்பாட்டின் மரவடிவம்.

கலையை அவர் எப்படி நோக்கினார் என்பதும் சுவையானது. களிமண்ணை உருட்டி மனம்போனபடி உருவங்கள் செய்வதை அவர் சோதித்துப் பார்த்தார். பிள்ளையின் மனத்தை அறிய அது உதவும் என்றாலும், பாடமாக அதில் அவருக்கு முழு நிறைவில்லை. அதற்கு மாறாக, ரோமில் கலைப்பள்ளி நடத்திய ரந்தோனே என்பவரின் வழியைப் பின்பற்றி, மண்பாண்டம் வனையச் செய்தார். பிள்ளைகள் சிறு குவளைகள் வனைந்தனர். விரலளவு செங்கற்கள் செய்து சூளையில் சுட்டனர். கொத்தனார்களைப் போலக் கரண்டியும் சாந்தும் கொண்டு குட்டிச் சுவர்கள் எழுப்பினர். ஈரமண் காய்வதும், காய்ந்தது சூட்டில் கல்லாவதும் அறிவியல். குவளையின் வளைவு கலை. இரண்டையும் பிரிக்க வேண்டிய தேவை அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கவில்லை.

விரல் எழுதிய முதற்சொல்

எழுத்துகளுக்கும் இதே வழிதான். வழவழப்பான அட்டையில் உப்புத்தாளால் வெட்டிய எழுத்து. எழுதும் திசையிலேயே விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். மரத்தில் எழுத்துகள் செய்யப் பொருள்வசதி இல்லாததால் தாளில் வெட்டினார்கள். அந்த ஏழ்மையே நல்ல கருவியைத் தந்தது.

1907ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஒரு நாள், மொட்டை மாடியில், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார் அம்மையார். அவன் வரைந்தான். திடீரென்று தன்னால் எழுதவும் முடியும் என்பதை உணர்ந்து, மண்டியிட்டுத் தரையில் ஒரு சொல்லை எழுதினான். அச்சொல்லின் பொருள் கை. பிறகு புகைபோக்கி என்றும் கூரை என்றும் எழுதினான். யாரும் அவனுக்கு எழுதக் கற்பிக்கவில்லை. பல வாரங்கள் விரல் தடவியது, அன்று தானே வெளிவந்தது. அடுத்த நாட்களில் மற்றப் பிள்ளைகளும் எழுதத் தொடங்கினர்.

தமிழர்களாகிய நமக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. திண்ணைப் பள்ளிகளில் நம் முன்னோர் மணலில் விரலால் எழுதியே எழுத்தறிந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளி ஒன்றை நடத்திய ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். 1797இல் நூல் எழுதி, இங்கிலாந்துக்கும் அம்முறையைக் கொண்டு சென்றார். இன்றும் ஏடு தொடங்கும் நாளில் தட்டில் பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுகிறோம். ஆனால் அந்த ஒரு நாளோடு விரலை மறந்துவிடுகிறோம்.

புகழும் குறையும்

1909இல் அம்மையாரின் முதல் பெரும் நூல் வெளிவந்தது. விரைவில் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில், கண்ணாடிச் சுவர் கொண்ட வகுப்பறை அமைத்துப் பிள்ளைகள் கற்பதை மக்கள் வெளியிலிருந்து பார்க்கச் செய்தனர். 1929இல் அனைத்துலக மாண்டிசோரி சங்கம் உருவானது.

குறை கூறியோரும் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் கில்பாட்ரிக் 1914இல், கருவிகளின் பயன்பாடு மிகக் குறுகியது, கற்பனைக்கு இடமில்லை என்று நூலே எழுதினார். கற்பனைக் கதைகளையும் கட்டற்ற ஓவியத்தையும் அம்மையார் போதிய அளவு போற்றவில்லை என்ற கருத்து இன்றும் நிலவுகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. மேலும், இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியின் ஆதரவை 1920களில் அவர் ஏற்றுக்கொண்டதும் வரலாற்றில் உள்ளது. ஆனால் பிள்ளைகளைப் படைவீரர்களைப் போல வார்க்க நினைத்த ஆட்சியோடு அவரால் நீண்டகாலம் ஒத்துப்போக முடியவில்லை. பின்னர் அங்கே அவரது பள்ளிகள் மூடப்பட்டன. அவர் வாழ்ந்த பார்சலோனா நகரிலிருந்தும் 1936இல் உள்நாட்டுப் போர் அவரை விரட்டியது. நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

அடையாற்றிலும் கோடைக்கானலிலும்

1939ஆம் ஆண்டு நவம்பர் மாதம், 69 வயதில், மகன் மாரியோவோடு சென்னை வந்து சேர்ந்தார் அம்மையார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார், கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவியும் அழைத்திருந்தனர். அடையாற்றில் ஓலைக்குடில்கள் எழுந்தன. ஏறக்குறைய 300 பேர் பயிற்சிக்கு வந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார்கள்.

1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கிலேய ஆட்சியில் இத்தாலியர்கள் பகைநாட்டவரானார்கள். மாரியோ முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் சபையின் வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. அவரது 70ஆம் பிறந்தநாளை ஒட்டி, வைஸ்ராய் மாரியோவை விடுவித்தார். அந்த அறிவிப்பில் மாரியோ அவருடைய மகன் என்றே குறிக்கப்பட்டிருந்தது. அதுவரை உலகம் அவரை உறவுக்காரர் என்றோ வளர்ப்பு மகன் என்றோதான் அறிந்திருந்தது. நாற்பது ஆண்டுகளாக மறைக்கப்பட்ட உறவை ஓர் அரசாங்கத் தந்தி வெளிப்படையாக்கியது.

பின்னர் இருவரும் கோடைக்கானல் மலையில் தங்கினர். அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் சிலர் சேர்ந்தார்கள். இலை, பூ, பூச்சி, மீன், கல், மலைச்சரிவு எல்லாம் பாடமாயின. ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு, அண்டம் முதல் அணு வரை எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை என்று காட்டும் கல்விமுறை அந்த மலையில்தான் வளர்ந்தது. தீவு, ஏரி, தீபகற்பம் என்று நிலவடிவங்களைத் தட்டில் வடித்து நீர் ஊற்றிப் பார்ப்பதும், நிலம் சொரசொரப்பாகவும் கடல் வழவழப்பாகவும் உள்ள உலக உருண்டையைத் தடவுவதும் மாண்டிசோரி வகுப்புகளில் இன்றும் உண்டு. 1944இல் இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். அதன் தடம் இன்றும் மறையவில்லை. இலங்கையில் பாலர் பள்ளியையே மாண்டிசோரி என்று சொல்வோர் பலர்.

இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர். 1946இல் ஐரோப்பா திரும்பி, 1947இல் மீண்டும் வந்தார். அவருடைய பிற்காலப் பெருநூல் 1949இல் அடையாற்றிலேயே முதலில் அச்சேறியது. கலாக்ஷேத்ராவும் அவருடைய நூல்களை வெளியிட்டது. 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்னும் கடலோர ஊரில், 81ஆம் வயதில் மறைந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நமக்கு என்ன?

மாண்டிசோரி என்ற பெயரை யாரும் பலகையில் எழுதி மாட்டலாம். சட்டத் தடை இல்லை. அதனால்தான் அது இன்று விலையுயர்ந்த சொல்லாகிவிட்டது. ஆனால் உப்புத்தாளுக்கு என்ன விலை? களிமண்ணுக்கு என்ன விலை?

நான் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது, ஒன்பது வயதிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு மாணவன் என் வகுப்பில் இருந்தான். கடைசி மேசை அவனுக்கென்றே ஒதுக்கப்பட்டது. மாலையில் அவன் பால் டின்னை வெட்டி, பழைய சிலிப்பரில் சக்கரம் செய்து, கதவு திறக்கும் லோரி ஒன்றை உருவாக்கிவிடுவான். கனவடிவங்களைப் பற்றிய பாடத்தில் அவன் வாங்கிய மதிப்பெண்ணோ மிகக் குறைவு. தாளில் வரைந்த கனசதுரத்தின் மறைவான விளிம்புகளைப் புள்ளிக்கோட்டில் எண்ண வேண்டியிருந்தது. கையில் எடுத்துத் திருப்ப ஒரு கட்டை இருக்கவில்லை. அவனைச் சிலர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லியே கேலி செய்தார்கள். அவன் கைகளை யாரும் பார்க்கவில்லை.

பேராக் மாநிலத்தில் பிள்ளைகளின் கைக்கு எட்டிய கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ரம்புத்தான் தோலின் மென்முள், மங்குஸ்தீன் தோலின் வழவழப்பு, ரப்பர் கொட்டையின் பளபளப்பு, உருளையின் வரி பதிந்த ரப்பர் ஷீட், ஈப்போ மலைகளின் சுண்ணாம்புக்கல் ஆகியவை எல்லாம் தொடு பலகைகளே. கோலகங்சாரை அடுத்த சாயோங்கில், சுரைக்காய் வடிவில் வனைந்து, சுட்டு, உமியில் புதைத்துக் கருமையேற்றும் லாபு சாயோங் குடம், மண்ணும் நெருப்பும் வடிவமும் சேர்ந்த முழுப் பாடம்.

தமிழ்மொழிக் கழகத்தவராகிய நமக்கு இதில் தனிப்பட்ட வேலையும் உண்டு. செகெனிடமிருந்து அம்மையார் எடுத்தாண்ட மூன்று படிகள் மிக எளியவை. முதலில், தடவச் செய்து, இது வழவழப்பு, இது சொரசொரப்பு என்று பெயர் சொல்வது. அடுத்து, வழவழப்பானதை எடு என்று கேட்பது. இறுதியில், ஒன்றைக் கொடுத்து, இது எப்படி இருக்கிறது என்று வினவுவது. கரடுமுரடு, மொழுமொழுப்பு, பிசுபிசுப்பு, மெத்துமெத்து, நெருநெருப்பு என்று தொடுவுணர்வுக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! புத்தகத்தில் பொருளெழுதிக் கற்றால் அவை தேர்வோடு மறந்துபோகும். விரலில் ஏறிய சொல் எளிதில் மறக்காது.

2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. ஆயினும் தமிழ்ப்பள்ளிகளுக்கு வார இறுதியில் கற்பிக்கச் செல்லும் நாம் இன்னமும் பயிற்சித்தாள் கட்டுகளோடுதான் போகிறோம். அடுத்த முறை அவற்றோடு ஒரு துணிப்பையையும் கொண்டு செல்வோம். உள்ளே பத்துப் பொருள்கள் போதும். முதலில் கடைசி மேசைக்குப் போவோம். அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கையைப் பைக்குள் விடச் சொல்லி, என்ன தெரிகிறது என்று தமிழில் கேட்போம்.